விலைக்கு அகப்படாத பதினொருவர்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்டத் திடலில் பல்லாயிரவர் கூடி ஆர்ப்பரிக்கின்றனர். அவர்களுள் ஒருவரைத் தனியே அழைத்து, எவருக்காக இவ்வாரவாரம் என்று வினவினால், 'எங்கள் குழுவிற்காக' என்பார். அக்குழுவில் ஆடுவோர் அவ்வூரில் பிறந்தவரா? இல்லை. அவ்வூரில் வளர்ந்தவரா? இல்லை. அவ்வூர் மொழியையேனும் அறிந்தவரா? அதுவும் இல்லை. சென்ற ஆண்டு எதிரணியில் நின்றவர் இவ்வாண்டு இவ்வணியில் நிற்கின்றார். வரும் ஆண்டு எங்கு நிற்பார் என்பதை அவர்தம் தரகரே அறிவார். மாறாதிருப்பது மேற்சட்டையின் நிறம் ஒன்றே. ஆகலின், ஒரு முழத் துணிக்காகவே இத்துணைப்பேரும் தொண்டை வறளக் கத்துகின்றனர் என எள்ளுவார் உளர்.

அவ்வெள்ளல் முழுதும் பொருந்துவதன்று. ஊர்க்குழுவின்மேல் ஒருவன் வைக்கும் பற்று, தந்தையின் தோள்மேல் அமர்ந்து கண்ட முதல் ஆட்டத்தில் முளைப்பது. வெல்லும் குழுவைத் தேடிப் போகின்றவன் வாணிகன். தோற்கும் குழுவோடு மழையில் நனைந்துகொண்டு நிற்பவனிடம் இருப்பதுதான் பற்று. அது பொய்யன்று. ஆனால், அம் மெய்யான பற்றைக் கைப்பொருளாக்கிக் கொள்வோர் எவர் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்கு நூறாண்டுக்கும் மேலாகத் தம் செயலாலேயே விடை கூறிவரும் ஒரு குழுவைப் பற்றித் தமிழிளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். அதுவே பில்பாவோ நகரத்து அத்லெத்திக்குக் கால்பந்துக் குழு.

பில்பாவோ, பாசுக்கு மக்களின் பெருநகர். பிரனீசு மலைத்தொடரின் மேலைக் கோடியில், இசுபானிய அரசின்கீழ் நான்கு நிலங்களும் பிரஞ்சு அரசின்கீழ் மூன்று நிலங்களுமாக, அவர்தம் தாயகம் ஏழு கூறாய்க் கிடக்கின்றது. அனைவரையும் கூட்டினும் ஏறத்தாழ முப்பது இலக்கம் மக்களே. அவர்தம் மொழியாகிய எவுசுக்கரா, ஐரோப்பாவில் வேறெம்மொழியோடும் உறவு காட்டவியலாத தொன்மொழி. சுற்றிலும் இலத்தீன்வழி மொழிகள் பரவிப் பெருகிய பின்னரும் தன் வேர் அறாது நின்றது.

அக்குழு 1898-இல் தோன்றிற்று. ஆங்கோர் உண்மையை மறைத்தல் ஆகாது. கால்பந்தை அந்நகருக்குக் கொணர்ந்தவர் ஆங்கிலக் கப்பல்துறைத் தொழிலாளரும், இங்கிலாந்து சென்று கற்றுத் திரும்பிய உள்ளூர் இளைஞருமே. 'அத்லெத்திக்கு' என்னும் பெயரே ஆங்கிலச் சொல். தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலேயர் அக்குழுவில் ஆடியும் உள்ளனர். 1912 முதற்கொண்டே, பாசுக்கு நிலத்தவரன்றி வேறெவரையும் ஆடச் சேர்ப்பதில்லை என்னும் வழக்கம் வேரூன்றிற்று. அதனை நாட்டிய கைகள் எந்த அரசாணைக்கும் கட்டுப்பட்டவையல்ல. அண்டைக் குழுக்கள் பணம் கொடுத்து வெளிநாட்டாரை அழைத்த காலத்தில், இவர்கள் தம் தெருப்பிள்ளைகளையே அழைத்தனர், அவ்வளவுதான்.

இவ்வாறு ஒரு சிறு நிலத்திற்குள்ளேயே ஆள் தேடும் குழு எத்துணை நாள் நிலைக்கும்? அடிமட்டத்திற்கு விழுந்து மறையும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. இசுபானியக் கூட்டாட்டத் தொடர் 1929-இல் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை முதல் தட்டினின்று ஒருமுறையேனும் கீழிறங்காத குழுக்கள் மூன்றே. மாதிரிது நகரின் இரெயால், பார்சலோனா, மூன்றாவது இவ் வத்லெத்திக்கு. முன்னிரு குழுக்களும் ஞாலம் முழுதும் ஆட்களை விலைக்கு வாங்குவன. மூன்றாவது குழு எட்டுமுறை அத்தொடரின் முதலிடத்தை வென்றுள்ளது. இறுதியாக வென்றவை 1983, 1984 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகள்.

அவர்தம் திடலாகிய சான் மாமேசில் ஒரு வழக்கம் உண்டு. தமிழர் அதனைக் கேட்டால் நெஞ்சம் நெகிழ்வர். பிச்சிச்சி என்று செல்லப்பெயர் பெற்ற முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் 1922-இல், இருபத்தொன்பது அகவையிலேயே இறந்துபட்டார். அவர்க்கு 1926-இல் திடலில் மார்பளவுச் சிலை எடுக்கப்பெற்றது. அத்திடலுக்கு முதன்முறை ஆடவரும் எக்குழுவாயினும், அதன் தலைவர் அச்சிலையின் அடியில் மலர் வைத்துப் பின்னரே ஆடத் தொடங்குவார். 1913-இல் கட்டப்பெற்ற பழந்திடல் போய், 2013-இல் ஏறத்தாழ 53 ஆயிரவர் அமரும் புதுத்திடல் வந்த பின்னரும் சிலை உடன் வந்தது; மலரும் உடன் வந்தது. வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட இனத்தார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இனி, இக்குழுவின்மேல் அம்மக்கள் வைத்துள்ள பற்றின் அடியாழத்தை அறிய, அவர்கள் கடந்துவந்த இருண்ட காலத்தைக் காணல் வேண்டும். 1937 ஏப்பிரல் 26-ஆம் நாள் கெர்னிக்கா என்னும் பாசுக்கு ஊர், பிராங்கோவுக்குத் துணைவந்த செருமானிய, இத்தாலிய வானூர்திகளால் எரித்தழிக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே பாசுக்கு அரசின் பெயரால் ஒரு கால்பந்துக் குழு ஐரோப்பிய நகரங்களுக்குப் புறப்பட்டது. பாரிசிலும் பிராகாவிலும் சோவியத்து நாட்டிலும் ஆடிற்று. அக்குழு அயல்மண்ணில் இருந்த பொழுதே, 1937 சூன் 19-இல், பில்பாவோ வீழ்ந்தது. ஆட்டக்காரர்க்குத் திரும்பிச் செல்ல நாடில்லை. அவர்கள் கடல் கடந்து மெக்சிக்கோ சென்று, 1938-39 ஆட்டப் பருவத்தில் அந்நாட்டுத் தொடரிலேயே ஒரு குழுவாக ஆடி இரண்டாமிடம் பெற்றனர். நாடிழந்த ஓரினத்தின் பெயர் அவ்வாண்டு முழுதும் ஒரு காற்பந்தின் பின்னே ஓடிக்கொண்டிருந்தது.

தாயகத்திலோ மொழி ஒடுக்கப்பெற்றது. பள்ளியில் எவுசுக்கரா பேசிய குழந்தை ஒறுக்கப்பெற்றது. கொடி தடைசெய்யப்பெற்றது. 1941-இல் அயன்மொழிப் பெயர்கள் கூடா என்னும் ஆணையால் 'அத்லெத்திக்கு' என்னும் ஆங்கிலப் பெயர் நீக்கப்பெற்று, 'அத்லெத்திக்கோ' என்னும் இசுபானியப் பெயர் திணிக்கப்பெற்றது. பழம்பெயர் 1972-இல்தான் மீண்டது. ஓர் எழுத்து மாற்றந்தானே, இதிலென்ன இருக்கின்றது என்று கேட்பவர் தமிழ்நாட்டிலும் உளர். அம்மாற்றத்தைச் செய்தவர்கள் அவ்வாறு எண்ணவில்லை; எண்ணியிருப்பின் ஆணையிட்டு மாற்றியிரார்.

பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். ஓராண்டிற்குப்பின், 1976 திசம்பர் 5-ஆம் நாள், தொனோசுத்தியா நகரின் அத்தோச்சாத் திடலில் அந்நகரின் இரெயால் சோசியேதாதுக் குழுவும் பில்பாவோக் குழுவும் மோதவிருந்தன. இரண்டும் பாசுக்குக் குழுக்கள். ஒன்றையொன்று வெல்லத் துடிக்கும் போட்டிக் குழுக்கள். பாசுக்குக் கொடி அன்றும் தடைக்குள்ளேயே இருந்தது. ஆட்டக்காரர் ஒருவரின் உடன்பிறந்தாள் அக்கொடியைத் தைத்துக் கொடுத்தாள். காவலர் கண்ணிற் படாது அது திடலுக்குள் கொண்டுவரப்பெற்றது. இரு குழுவினரும் தம்முள் கலந்து உடன்பட்டனர். ஆட்டம் தொடங்குமுன், பில்பாவோவின் தலைவர் இரீபாரும் சோசியேதாதின் தலைவர் கொர்த்தபாரியாவும் ஆளுக்கொரு முனையாகக் கொடியைப் பற்றிக்கொண்டு திடலின் நடுவே நடந்தனர். பின்னே இருபதின்மரும் வந்தனர். காவலர் அசையவில்லை. திடல் முழுதும் எழுந்து நின்றது. 1977 சனவரியில் அக்கொடியின்மேலிருந்த தடை நீக்கப்பெற்றது.

இவ்விரீபார் எவர்? 1964-இல் மாதிரிதில், பிராங்கோ பார்த்திருக்க, இசுபானிய நாட்டுக்குழுவின் கோல்காப்பாளராக நின்று ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தவர். அவரையே தம்மவர் என்று அரசு கொண்டாடிற்று. பன்னிரண்டு ஆண்டிற்குப்பின் அவர் எவர் கொடியைப் பிடித்தார் என்பதை நாடு கண்டது. கொர்த்தபாரியாவோ அதன்பின் இசுபானியக் குழுவில் ஆடவே மறுத்துவிட்டார். அன்றைய ஆட்டத்தில் பில்பாவோக் குழு ஐந்திற்குச் சுழியம் எனத் தோற்றது. அவ்வைந்து பந்துகளையும் வலைக்குள் விட்டவரும் அதே இரீபாரே! கொடியேந்திய கைகளாயிற்றே என்று சோசியேதாதுக் குழுவினர் ஒரு பந்தையேனும் மெதுவாக உதைக்கவில்லை. அதுவே அழகு. உடன்பிறப்பு வேறு, ஆட்டம் வேறு.

அடக்குமுறை செய்யவியலாததைப் பணம் செய்யும் என்பதனைப் பிற்கால வரலாறு காட்டிற்று. 1995 திசம்பரில் பொசுமான் என்னும் பெல்சிய ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய முறைமன்றம் தீர்ப்பளித்தது. உடன்படிக்கைக் காலம் முடிந்த ஆட்டக்காரர் எக்கட்டணமுமின்றி வேறு குழுவிற்குச் செல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டாரைக் குழுவில் இத்துணைப்பேர் என்று வரையறுத்தலும் கூடாது. ஆட்டக்காரன் என்னும் தொழிலாளிக்கு அத்தீர்ப்பு விடுதலை. அதனைக் குறைகூறுதல் அறமாகாது; அதுவரை அவன் கொத்தடிமை போன்றே கட்டுண்டு கிடந்தான். எனினும், அதே கதவின் வழியாகப் பெரும்பணமும் உள்நுழைந்தது. 1999 திசம்பரில் இலண்டன் மாநகரின் செல்சீக் குழு, தொடக்கப் பதினொருவருள் ஓர் ஆங்கிலேயரும் இன்றி ஓர் ஆங்கிலத் தொடராட்டத்தில் இறங்கிற்று. அத்திடலைச் சுற்றி வாழ்ந்த பிள்ளைகள் இனி எந்த வாயில் வழியாக உள்ளே நுழைவர் என்று அன்று கேட்டவர் சிலரே.

பில்பாவோவில் அவ்வாயில் மூடப்படவில்லை. நகரையடுத்த லெசாமாவில் 1971 முதல் இயங்கும் பயிற்சிக் களத்தில் சிறுவர்கள் வளர்க்கப்பெறுகின்றனர். தாம் வளர்த்த ஆட்டக்காரரை அக்குழு விற்க விரும்புவதில்லை. உடன்படிக்கையில் வரைந்துள்ள விலகுதொகை முழுவதையும் வைத்தாலன்றி விடுவதில்லை என்பதே அதன் நிலை. 2012-இல் செருமானியத்தின் பயர்ன் குழு சாவி மார்த்தினேசுக்காக நான்கு கோடி யூரோ வைத்தது. 2018-இல் மாஞ்செசுதர் சிற்றிக் குழு இலப்போர்த்துக்காக ஆறரைக் கோடியும், அதே ஆண்டு செல்சீக் குழு கோல்காப்பாளர் கெப்பாவுக்காக எட்டுக் கோடியும் வைத்தன. வேறொரு குழுவாயின் அப்பணத்தைக் கொண்டு அடுத்த கிழமையே மூன்று கண்டங்களில் ஆள் வாங்கியிருக்கும். இவர்களால் அது இயலாது. பணம் நிறைய உண்டு, வாங்குதற்கு ஆளில்லை! வைப்பகத்தில் கோடிகள் கிடக்க, லெசாமாவில் பதினான்கு அகவைச் சிறுவன் ஒருவன் வளரும்வரை காத்திருப்பர்.

அக்குழுவின் உரிமையும் அதன் உறுப்பினர் கையிலேயே உள்ளது. 1990-ஆம் ஆண்டின் இசுபானிய விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் குழுக்களைப் பங்கு நிறுவனங்களாக மாறப் பணித்த பொழுது, கடன்சுமையின்றி நின்ற நான்கு குழுக்கள் விலக்குப் பெற்றன. அவற்றுள் இதுவும் ஒன்று. இன்னொன்று அண்டை நவார நாட்டின் ஒசாசுனா. மேற்சட்டையில் வணிக விளம்பரம் இடுவதையும் நெடுநாள் மறுத்து வந்தனர். 2008-இல் அதற்கு இணங்கினர். அவ்விளம்பரம் பாசுக்கு நிலத்துக் கன்னெய்த் தொழிலகத்தினுடையதாயினும் இணங்கியது இணங்கியதே.

குறைகளையும் கூறாது விடின் இப்பொழிவு புகழுரையாகிவிடும். அண்டைச் சோசியேதாதுக் குழுவும் இதே நெறியைப் பன்னெடுங்காலம் பின்பற்றியதுதான். பாசுக்கு ஆட்டக்காரரைப் பில்பாவோ தன் பணவலிமையால் ஈர்த்துக்கொண்டே இருக்க, அக்குழு 1989-இல் அயலவர்க்குக் கதவு திறந்து, அயர்லாந்துக்கு ஆடிய ஆல்திரிச்சைச் சேர்த்தது. 2018 சனவரியில் சோசியேதாதின் தடுப்பாளர் இஞ்ஞிகோ மார்த்தினேசை 3.2 கோடி யூரோ வைத்து எடுத்துச் சென்றது எவர்? செல்சீயன்று, பில்பாவோவே. தன் வீட்டில் விலைபேச விடாதவர் தம்பி வீட்டில் விலைபேசலாமா என்று தொனோசுத்தியா மக்கள் கேட்டதற்கு நேரான விடை இன்றளவும் இல்லை. அம்மார்த்தினேசு ஐந்தாண்டிற்குப்பின் பார்சலோனாவிற்குப் போய்விட்டார் என்பதும் எண்ணத்தக்கது.

இன்னும் தலையாய வினா ஒன்று உண்டு. பாசுக்கு மாந்தர் எவர்? குருதியால் ஆனவரா, மண்ணால் ஆனவரா? அக்குழு இக்கால் கூறும் விடை, பாசுக்கு நிலத்தில் பிறந்தவரோ அந்நிலத்துக் குழுக்களில் ஆட்டம் பயின்று வளர்ந்தவரோ ஆடலாம் என்பது. ஆப்பிரிக்கக் கானா நாட்டினின்று கணவனும் மனைவியுமாகச் சகாராப் பாலையைக் கால்நடையாகக் கடந்து, மெலில்லாவின் வேலியேறி இசுபானிய மண்ணில் விழுந்த இருவர்க்கு 1994-இல் பில்பாவோவில் ஒரு மகன் பிறந்தான். அவர்களுக்குத் துணைநின்ற கிறித்தவக் குருவின் பெயரையே, இஞ்ஞாகி என்னும் பாசுக்குப் பெயரையே, பெற்றோர் அவனுக்கு இட்டனர். அவ்விஞ்ஞாகி வில்லியம்சு 2016 முதல் 2023 வரை தொடர்ச்சியாக 251 தொடராட்டங்களில் ஓராட்டமும் தவறாது ஆடினார். அவர்தம்பி நிக்கோ பாம்பிலோனாவில் 2002-இல் பிறந்தவர். 2024 ஏப்பிரல் 6-ஆம் நாள் செவில்லா நகரில் மயோர்க்காக் குழுவை வென்று, நாற்பதாண்டு வறுமைக்குப்பின் கோப்பையைக் கைப்பற்றிய அணியில் உடன்பிறப்பினர் இருவரும் இருந்தனர். நேர்வியோன் ஆற்றில் 1984-க்குப்பின் இறங்காதிருந்த வெற்றித் தோணி மீண்டும் இறங்கிற்று. கரையின் இருமருங்கும் இலக்கக்கணக்கில் மக்கள் கூடி நின்றனர். அத்தோணியில் நின்ற கருநிறத்து இளைஞரை அயலவர் என்று அன்று அங்கு எவர் கூறியிருப்பர்?

பிறப்புச் சான்று ஒன்றையே கொண்டு ஓரினத்தின் வேலியை அளப்பார் இச்செய்தியைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலியே வேண்டா என்பார்க்கும் இது துணைசெய்யாது. அம்மக்கள் வேலியை எடுத்துவிடவில்லை. தம் மண்ணில் தம்மோடு வளர்ந்தவனைப் புறத்தே நிறுத்தவில்லை. விலைக்கு வந்தவனையே நிறுத்தினர்.

இங்குத் தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்றையும் நினைத்தல் தகும். 2008-இல் ஐ.பி.எல். மட்டைப்பந்துத் தொடர் தொடங்கிய பொழுது, ஆட்டக்காரர் மும்பையில் ஏலம் விடப்பெற்றனர். பைஞ்சுதைத் தொழில் நிறுவனம் ஒன்று உரிமை பெற்றிருந்த சென்னைக் குழு, இராஞ்சி நகரத்துத் தோனியைப் பதினைந்து இலக்கம் தாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அவ்வேலத்திலேயே மிகவுயர்ந்த விலை அதுதான். சென்னை என்னும் பெயரை அவர்கள் எவருக்கும் பணம் கொடுத்து வாங்கவில்லை. அஃது அவர்களுக்கு இலவயமாகவே கிடைத்தது. 2018 ஏப்பிரலில் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்க உச்ச முறைமன்றம் தந்த காலக்கெடு கடந்து, தமிழகம் கொந்தளித்துக் கொண்டிருந்தது. ஏப்பிரல் 10-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்க, புறத்தே அண்ணாசாலையில் போராட்டம் நடந்தது. திடலுள் செருப்பும் வீசப்பெற்றது. எஞ்சிய சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பெற்றன. குழுவின் பற்றாளர் சிலர் மஞ்சட் சட்டையணிந்து தனித் தொடர்வண்டி ஏறிப் புனே சென்றனர்.

அவ்வண்டியில் சென்றவரை இரண்டகர் என்று அன்று சிலர் பழித்தனர். அப்பழிப்பு முறையன்று. செருப்பு வீசியதும் முறையன்று. அவ்விளைஞர் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருந்திருப்பர். பத்தாண்டாக ஒரே குழுவை நம்பியிருந்தவர்கள். பற்று வைக்கத் தெரிந்தவர்கள். ஆனால், தமிழ்நாட்டு ஊர்தோறும் மட்டைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு லெசாமா போன்றதொரு வாயிலை அக்குழுவிடம் கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாமற் போயிற்று. பற்றாளர் கேட்டாலன்றி உரிமையாளர் திறக்கமாட்டார்.

பில்பாவோப் பற்றாளரும் கேட்கத் தெரிந்தவர்கள். 2009-இல் வலென்சியா நகரில் கோப்பை இறுதியாட்டம். கோப்பையின் பெயர் 'மன்னர் கோப்பை'; மன்னரும் வந்திருந்தார். இசுபானிய நாட்டுப்பண் இசைக்கப்பெற்ற பொழுது பில்பாவோவினரும் பார்சலோனாவினரும் ஒருசேரச் சீழ்க்கையடித்தனர். அரசுத் தொலைக்காட்சி அக்காட்சியை நேரலையில் காட்டவில்லை. 2012-இலும் 2015-இலும் அதே இரு குழுக்கள் அதே இறுதியாட்டத்தில் சந்தித்தன; அதே சீழ்க்கையும் எழுந்தது. பாசுக்குக் குழுவிற்கு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பில் உறுப்புரிமை இல்லை. ஆகவே வில்லியம்சு உடன்பிறப்பினருள் மூத்தவர் கானாவுக்கும் இளையவர் இசுபானியத்திற்கும் ஆடுகின்றனர். 2024 சூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்திற்கு எதிராக இசுபானியத்தின் முதற்கோலை அடித்தவர் நிக்கோவே. தனியரசு இல்லாத இனத்தின் பிள்ளைகள் எவர் சட்டையை அணிவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

அந்நிக்கோவைப் பார்சலோனா எடுத்துக்கொள்ளப் போகின்றது என்னும் செய்தி 2025 கோடையில் பரவிற்று. பில்பாவோவில் அண்ணனும் தம்பியுமாகத் தீட்டப்பெற்றிருந்த சுவரோவியத்தில் தம்பியின் முகத்தின்மேல் எவரோ வண்ணம் பூசி அழித்தனர். பற்று முற்றிப் பகையாகும் இடம் இது. அவர் போய்விட்டார் என்பது உறுதியாகுமுன்னரே முகம் போய்விட்டது. இருபத்திரண்டு அகவை இளைஞன் ஒருவனைத் தம் இனத்தின் கொடிமரமாக ஆக்கிவிட்டு, அவன் அசைந்தாலே இரண்டகன் என்பது எத்துணைக் கொடுமை! பில்பாவோ இதழ்களிலும் அவ்வழிப்பைக் கண்டித்தோர் உளர். உள்ளூர மகிழ்ந்தவரும் இருந்திருப்பர்.

சூலைத் திங்கள் தொடக்கத்தில் நிக்கோ புதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். விலகுதொகை முன்னையினும் ஐம்பது விழுக்காட்டிற்கு மேல் உயர்த்தப்பெற்றது. உடன்படிக்கை 2035 வரை செல்லும். அது முடியுங்கால் அவருக்கு அகவை முப்பத்திரண்டு நிறைந்திருக்கும்.